சுவர் கனத்தால் சத்தம் நிற்குமா? கேள்வி பதில்

கேள்வி: பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி என்றால் பாடுகிற குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை. ‘தும் தும்’ மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது. சுவரை இன்னும் கனமாகக் கட்டினால் நிற்குமா?

பதில்: குறையும், நிற்காது. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் தடுப்பு சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு). ஒலியின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை (ஹெர்ட்ஸ்), பாதியாக இறங்கினாலே அந்த 6 டெசிபலும் போய்விடும். குரலைத் தடுக்கிற அதே சுவர், அதிர்வெண் குறைந்த தும் தும்மை விடுவது அதனால்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். முக்கால் அடிச் சுவர் அதற்கு எம்மாத்திரம்?

கேள்வி: அப்படியானால் ஒலிக்கான மெட்டாமெட்டீரியல், அதாவது உள்ளமைப்பாலேயே ஒலியைக் கட்டுப்படுத்தும் செயற்கைப் பொருள், மட்டும் எப்படித் தடுக்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன். 2000இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிங் ஷெங் குழுவினர் ஒரு சென்டிமீட்டர் ஈயக் குண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் இரண்டரை மில்லிமீட்டர் சிலிகான் ரப்பர் பூசி, எப்பாக்சி பிசினுக்குள் வரிசையாகப் பதித்தார்கள். ரப்பர்தான் ஸ்பிரிங், ஈயம்தான் எடை. ஊஞ்சலுக்கு உள்ளதுபோல ஒவ்வொரு குண்டுக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. வருகிற ஒலி அந்த வேகத்தைச் சற்றே தாண்டும்போது, அலை வலப்பக்கம் தள்ளினால் குண்டு இடப்பக்கம் போகிறது. தள்ளுகிறவனையே திருப்பித் தள்ளுவதால் அலை முன்னேற வழியில்லை. சுமார் 400 ஹெர்ட்ஸில் ஒலி இப்படித் தடைபட்டது. குண்டுகளுக்கு இடையே இருந்த தூரமோ, எப்பாக்சிக்குள் அந்த ஒலியின் அலைநீளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அலையைவிடப் பெரிய சுவர் தேவையில்லை என்று காட்டியதுதான் பெரிய விஷயம்.

கேள்வி: மாட்ரிட்டில் ஒரு சிற்பம் சத்தத்தைத் தடுக்கிறதாமே?

பதில்: ஆமாம், ஸ்பெயின் சிற்பி எவுசேபியோ செம்பெரே செய்த சிற்பம். 2.9 சென்டிமீட்டர் எஃகுக் குழாய்கள் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. 1670 ஹெர்ட்ஸ் ஒலி நன்றாக மட்டுப்படுவதை 1995இல் அளந்து வெளியிட்டார்கள். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது குழாய் இடைவெளியைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு வரிசையும் திருப்பி அனுப்புவது ஒன்றோடொன்று சேர்ந்து வலுத்துவிடுகிறது. ஆனால் இதே முறையில் தும் தும்மைத் தடுக்கக் குழாய்களை ஒன்றரை மீட்டருக்கும் மேல் தள்ளி நட வேண்டும். ஈயக் குண்டின் அருமை இங்கேதான் புரியும்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினால் போதாதா?

பதில்: வேண்டாம். அறைக்குள் கீச்சென்ற எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் அப்படியே வரும். தவிர, எளிதில் தீப்பற்றும்.

கேள்வி: காற்று வர வேண்டும், சத்தம் வரக் கூடாது. நடக்குமா?

பதில்: குறிப்பிட்ட சுருதிக்கு நடக்கும். 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 3டி பிரிண்டரில் ஒரு வளையம் செய்தார்கள். நடுவில் திறந்த வெளி, ஓரத்தில் சுருள் பாதை. சுற்றி வரும் அலை பிந்தி வந்து, நேரே வரும் அலையோடு மோதி அதை அடக்குகிறது. 94 சதவீத ஒலி நின்றது, காற்று தாராளமாகப் போனது. வேறு சுருதிக்கு வேறு அளவில் வளையம் செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது?

பதில்: காலி சோடா பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதுங்கள். கழுத்துக் காற்று எடை, உள்காற்று ஸ்பிரிங். சரி, இப்போது பாதி தண்ணீர் ஊற்றி மறுபடி ஊதுங்கள், சுருதி ஏறும். ஒலியை விழுங்கும் பலகைகளில் குழியின் அளவை மாற்றிச் சுருதி கூட்டுவதும் இதே கணக்கில்தான்.