வாய்மொழிக் குத்தகை முதல் உச்சவரம்பு வரை: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): சார், அப்பா காலத்திலிருந்து 2 ஏக்கர் நஞ்சையை வாய்மொழிக் குத்தகையில் பார்க்கிறோம். உடையவர் போன வருடம் இறந்துவிட்டார். மகன் வந்து "நிலத்தை விட்டுவிடு" என்கிறார். எழுத்து எதுவும் கையில் இல்லை.

பதில்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பயிரையும் நிறுத்தாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயமில்லை. நீங்களோ குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டுப் பயிர் செய்ய வேண்டும் என்பதே முக்கியம். குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விட்டவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

அடுத்து, 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதுங்கள். பரப்பு, நான்கெல்லை, உடையவர் பெயர், முகவரி, எத்தனை மூட்டை குத்தகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது எதிர்மனுதாரர் விஷயத்தில்தான். மகனை மட்டும் சேர்த்தால், பின்னால் மகள்கள் "எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை" என்று கோட்டாட்சியரிடம் அப்பீல் போவார்கள். விசாரணை முதலிலிருந்து தொடங்கும். வாரிசுகள் அத்தனை பேரையும் சேர்த்துவிடுங்கள்.

சான்றுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) நகல், கொள்முதல் நிலையச் சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய ரசீது, பயிர்க் காப்பீட்டுத் தாள், பக்கத்து வயல்காரர்களின் வாக்குமூலம் ஆகியவை உதவும். அடங்கலை வாங்கியதும் சாகுபடியாளர் பெயரைப் பாருங்கள். பட்டாதாரர் பெயரையே அங்கேயும் எழுதிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படி இருந்தால் அது உங்களுக்கு எதிரான சாட்சி.

"நான் குத்தகைதாரர் என்று அறிவிக்க வேண்டும்" என்று சிவில் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். பதிவு அதிகாரி முடிவு செய்ய வேண்டியதில் சிவில் கோர்ட் தலையிட அதே சட்டத்தின் 16-ஏ பிரிவு தடை போடுகிறது.

கேள்வி (திருவாரூர்): அளக்கப் போனால் உடையவர் நெல்லை வாங்க மறுக்கிறார். நமக்கு மிச்சம்தானே?

பதில்: மிச்சமில்லை, பொறி. குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது பாக்கி. பாக்கி என்பது வெளியேற்றக் காரணம். மறுத்த உடனே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு அன்றைய சந்தை விலைக்கு நெல்லைப் பணமாகக் கணக்கிட்டு வருவாய் நீதிமன்றத்தில் (குத்தகை வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம்) உடையவர் கணக்கில் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். குறுவைக்குக் கட்டிவிட்டு சம்பாவை மறந்துவிட்டால் பாக்கி பாக்கிதான். வெளியேற்ற வழக்கே வந்துவிட்டாலும், பாக்கியையும் செலவுத் தொகையையும் கட்ட அவகாசம் கேட்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது.

கேள்வி (பாபநாசம்): ஏக்கருக்கு 12 மூட்டை கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: சாதாரண மொத்த விளைச்சலில் 25 சதவீதம்தான் சட்டம் சொல்லும் நியாயக் குத்தகை. ஏக்கருக்கு 30 மூட்டை காண்கிற வயல் என்றால் ஏழரை மூட்டை. 12 என்பது 40 சதவீதம். குறைக்க வருவாய் நீதிமன்றத்தில் மனு போடலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இந்த மனுவைப் போட்டால், எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே "இவர் குத்தகைதாரரே இல்லை" என்று எழுதும். பெயர் முதலில், அளவு பிறகு.

1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடியாளருக்கு 40, மிராசுதாருக்கு 60 என்றது. அதுவே அன்றைக்குப் பெரிய முன்னேற்றம்!

கேள்வி (சீர்காழி): கோயில் நிலம். அப்பா பெயரில் குத்தகை. அவர் காலமாகிவிட்டார்.

பதில்: பெயர் மாற்றத்துக்கு உடனே மனு கொடுங்கள். வாரிசு என்பதோடு, நீங்களே உழைத்துப் பயிர் செய்கிறீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். அப்பா பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டு வருடங்களை ஓட்டினால், ஒருநாள் "ஆக்கிரமிப்பாளர்" என்று நோட்டீஸ் வரும்.

கேள்வி (சென்னை, மாணவி): ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்புச் சட்டம் ஏன் பெரிதாகப் பலன் தரவில்லை?

பதில்: 1961 சட்டத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், 1970-இல் 15 ஆனது. ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்பது தீர்வையை (நில வரியை) வைத்துப் போடும் கணக்கு. ஏக்கருக்கு 10 முதல் 15 ரூபாய் தீர்வையுள்ள நஞ்சை ஒரு ஏக்கர் என்றால் ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர். புஞ்சை என்றால் அதற்குப் பல ஏக்கர் பிடிக்கும். ஐந்துக்கு மேல் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 5, பெண்களுக்கு ஸ்திரீதனமாக (அவர்களின் சொந்தச் சொத்தாக) 10 வரை. பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு முழு விலக்கு. பேச்சு தொடங்கியதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையில் நிலம் உறவினர் பெயர்களுக்குப் பிரிந்துபோயிற்று. என் கணிப்பில், உச்சவரம்பைவிடக் குத்தகைப் பதிவுதான் ஏழைக் குடும்பத்தின் கையில் நேராக எட்டுவது. உபரி நிலத்தை அரசு தேடிப் பிடிக்க வேண்டும். குத்தகைதாரரோ ஏற்கனவே வயலில் நிற்கிறார். பதிவேட்டில்தான் அவரைக் காணோம்.

கேள்வி (கோவை): மேற்கு வங்கத்தில் மட்டும் குத்தகைதாரர் பதிவு எப்படி நடந்தது?

பதில்: மனுவுக்காகக் காத்திருக்கவில்லை. 1977 திருத்தம் நிரூபிக்கும் பாரத்தை மாற்றியது: அடுத்தவர் நிலத்தைப் பயிரிடுபவர் பர்கதார் (விளைச்சலில் பங்கு பெறும் வாரதாரர்) என்றே கொள்ளப்படுவார், இல்லை என்றால் உடையவர் நிரூபிக்கட்டும். 1978-இல் ஆபரேஷன் பர்கா தொடங்கியது. வாரதாரர்கள் அதிகமுள்ள ஊர்களுக்கு அதிகாரிகளே போனார்கள், அதுவும் வேலை முடிந்த மாலை நேரத்தில். காரணம், பகலில் தாலுகா ஆபீஸ் போனால் ஒருநாள் கூலி போகும். ஆபீஸில் ஏற்கனவே உடையவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாலைக் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் பெயர் சொல்லத் தைரியம் வரும். மறுநாள் வயலில் நேரடிச் சரிபார்ப்பு, ஊரறிய விசாரணை, அங்கேயே சான்று. சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். இடுபொருளை வாரதாரரே போட்டால் 75 சதவீதம் அவருக்கு, உடையவர் போட்டால் பாதிக்குப் பாதி.

நிலம் அவர்களுடையதாகிவிடவில்லை என்பது அதன் குறை. தைவான் அதையும் செய்தது: 1949-இல் குத்தகையை 37.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டியது, 1953-இல் நிலத்தையே மாற்றியது. உடையவர்களுக்கு ஈடாக 70 சதவீதம் கடன் பத்திரம், 30 சதவீதம் அரசு ஆலைகளின் பங்கு.

கேள்வி (நாகை): பி.எம். கிசான் பணம் குத்தகைக்காரருக்கு வருமா?

பதில்: வராது. வருடத்துக்கு 6,000 ரூபாய், நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான். கடனுக்குக் கிசான் கார்டு குத்தகைதாரருக்கும் உண்டு. ஆவணம் கேட்டு வங்கி இழுத்தடித்தால் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகப் போங்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும், ஆள் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): கணவர் பெயரில் குத்தகைப் பதிவு இருந்தது. அவர் இறந்து ஆறு மாதம். கொழுந்தனார் தன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்கிறார். நான்தான் நாற்று நட்டு, களை எடுத்துப் பார்க்கிறேன்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. வயலில் இறங்குவது நீங்கள், வாரிசும் நீங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பதிவேட்டு நகல் மூன்றையும் வைத்து உங்கள் பெயரில் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். இந்தப் போகத்துக் குத்தகையை நீங்களே அளந்து, உங்கள் பெயர் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மேலே சொன்னபடி நீதிமன்றத்தில் கட்டுங்கள். ரசீதுக்குப் பதிலாக அந்தச் செலான் போதும்.