ஸ்கேல் விமானத்துக்கு (நிஜ விமானத்தின் பறக்கும் சிறு மாதிரி) எந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்? கேள்வி பதில்

கேள்வி: விமானத்தின் பிளானில் 60 (அதாவது 0.60 கன அங்குலம்) டூ ஸ்ட்ரோக் என்று போட்டிருக்கிறது. அதே 60 ஃபோர் ஸ்ட்ரோக் போதுமா?

பதில்: போதாது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும், அதனால் அதே சிசியில் சக்தி குறைவு. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடுங்கள்: 60 (10 சிசி) இடத்தில் 90 (15 சிசி). ஆனால் நான் எஞ்சினை முதலில் பார்ப்பதில்லை, புரொப்பெல்லரைத்தான் பார்ப்பேன். கோர்சேர், தண்டர்போல்ட் மாதிரி உருண்டை மூக்கு விமானத்தில் சின்ன புரொப்பெல்லர் போட்டால் பாதி கவுலுக்கு (எஞ்சினை மூடும் மூக்கு உறை) நேர் முன்னாலேயே சுற்றி வீணாகிவிடும். 15 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் 14x6-ஐ (14 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்குத் தூரம்) மெதுவாக, திடமாகச் சுற்றும், கவுலைத் தாண்டிக் காற்றைப் பிடிக்கும். அப்புறம், சக்கரத்தில் நிற்கும்போது 14 அங்குலம் தரையில் இடிக்காதா என்று அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோர் ஸ்ட்ரோக்கின் கூடுதல் எடை பிரச்சினையா?

பதில்: சோப்வித் கேமல் மாதிரி குட்டை மூக்கில் அது வரம்தான், எடை சமன் செய்ய எப்படியும் மூக்கில் ஈயம் வைக்கத்தானே போகிறீர்கள். நீள மூக்கில் யோசியுங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி எஞ்சின், சைட்டோவா, ஓ.எஸ்-ஸா, ஒய்.எஸ்-ஸா?

பதில்: முதல் இரண்டில் உங்கள் கவுலுக்குள் எது நுழைகிறதோ அது. ராக்கர் மூடி (எஞ்சின் தலையில் வால்வ் பாகங்களை மூடுவது) வரை உயரம், பின்னால் கார்புரேட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் பொருத்தும் முன்பலகை) இடைவெளி, சைலன்ஸர் எந்தப் பக்கம் வெளியே வரும், இந்த மூன்றையும் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒய்.எஸ் பம்ப் வைத்த எஞ்சின், சக்தி அதிகம், ஆனால் அது வித்தை காட்டும் விமானத்துக்கான பசி. நிதானமாகப் பறக்கும் ஸ்கேலுக்கு எனக்கு அவசியம் தெரியவில்லை.

கேள்வி: தலைகீழாகப் பொருத்தலாமா?

பதில்: அழகாக மறையும், ஆனால் எரிபொருள் வழிந்து சிலிண்டருக்குள் தேங்கும். அது தெரியாமல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், திரவம் அமுங்காது. முதலில் கையால் மெல்லச் சுற்றுங்கள். கெட்டியாக முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், பிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள். திருப்பும்போது கார்புரேட்டரின் உயரமும் மாறும், டேங்கை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

கேள்வி: வால்வ் இடைவெளி அடிக்கடி பார்க்கணுமா?

பதில்: புது எஞ்சினில் ஓடிப் பழகியதும் ஒருமுறை, பிறகு எப்போதாவது. எஞ்சின் ஆறியிருக்கணும், இரண்டு வால்வும் மூடியிருக்கணும். ஓ.எஸ்-ஸில் 0.04 முதல் 0.10 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சற்றே பிடிக்கிற மாதிரி நுழைந்தால் சரி.

கேள்வி: புரொப்பெல்லர் நட் ஒன்று போதாதா, ஏன் இரண்டு?

பதில்: கார்புரேட்டரில் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் ஊசியை அதிகம் மூடி லீனாக (எரிபொருள் குறைவாக) ஓட்டினால் எஞ்சின் பின்னுக்கு உதைத்து புரொப்பெல்லரையே கழற்றி எறியும். இரண்டாவது நட் அதற்குத்தான். ஓட்டும்போது புரொப்பெல்லருக்கு நேராக யாரையும் நிற்க விடாதீர்கள், ஊசியைப் பின்னாலிருந்து திருகுங்கள்.