கரையோரக் கேள்வி பதில்: உப்புப் போட்டும் கெடும் கருவாடு

நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து கட்டா மீனில் கருவாடு போடுகிறோம். மூன்றாம் வாரம் சிவப்புத் திட்டு விழுகிறது. உப்பைக் கூட்டியும் நிற்கவில்லை. கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுக்கிறார்.
– வாசகி, சல்லி

உப்புக் குறைந்து வருகிற கேடு இதுவல்ல. உப்போடு சேர்ந்து வருவது. உப்பளத்துக் கல்லுப்பில் உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர் இருக்கும். ஈரமும் சூடும் கிடைத்தால் கருவாட்டின் மேல் சிவப்பாகப் பரவும். உப்பைக் கூட்டக் கூட்ட அதற்குக் கொண்டாட்டம்தான்.

பீப்பா, பலகை, கத்தி எல்லாவற்றையும் எதில் கழுவுகிறீர்கள்? கடல் தண்ணீரில் என்றால் அங்கேதான் பிழை. இந்த நுண்ணுயிருக்கு நல்ல தண்ணீர் ஆகாது. பட்டால் வெடித்துச் சாகும். கிணற்றுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஒருமுறை மீனில் போட்ட உப்பை அள்ளி அடுத்த பீப்பாவுக்குப் போடுவதையும் நிறுத்துங்கள். மிச்சம் பிடிக்கப் போய் நட்டம் வருவது இதில்தான்.

அளவு: குடல், செவுள் நீக்கிய மீன் 10 கிலோவுக்கு உப்பு 3 கிலோ. கட்டாவை முதுகுப் பக்கம் பிளந்து, சதை தடித்த இடத்தில் இரண்டு கீறல் போட்டு, கீறலுக்குள்ளும் உப்பைத் திணியுங்கள். பாரம் வைத்து இரண்டு நாள் ஊறட்டும். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, தண்ணீர் வடிந்ததும் மூன்றடி உயரப் பரணில் பழைய வலை விரித்துக் காயப்போடுங்கள். மணலில் போட்டால் கீழ்ப்பக்கம் காயாது. நாயும் காகமும் வேறு.

முதல் நாள் உச்சி வெயிலில் கட்டாவை விடாதீர்கள். மேல்தோல் இறுகிப் போகும், உள்ளே ஈரம் அப்படியே அடைபடும். பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், பத்து நாளில் நாறும். நண்பகல் இரண்டு மூன்று மணி நேரம் நிழலுக்கு எடுங்கள். இரவில் அடுக்கிப் பாரம் வைத்தால் உள் ஈரம் வெளியே வரும், மறுநாள் வெயில் அதை எடுத்துவிடும். காய்ந்ததா என்று கையால் அமுக்கிப் பார்ப்பதைவிட, ஒரு மீனுக்கு அடையாளமாக நூல் கட்டி, அதையே மாலைதோறும் நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் சரி. சூடு ஆறாமல் பொலித்தீனில் கட்டினால் உள்ளே வியர்க்கும். சிவப்பு மறுபடி வரும்.

விலை சொல்லும்போது மீன், உப்பு, உங்கள் ஆறு பேரின் நாள்கூலி எல்லாவற்றையும் கூட்டி, காய்ந்த எடையால் வகுங்கள். பச்சை எடையால் வகுத்துவிட்டு இலாபம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

30 கிலோ சூரைக்கு 10 கிலோ ஐஸ் கொண்டுபோகிறேன். கரைக்கு வரும்போது மீன் மெத்தென்று ஆகிவிடுகிறதே?
– வாசகர், கிண்ணியா

30 கிலோ மீனின் சூட்டை இறக்கவே அந்த 10 கிலோவும் கரைந்துவிடும். பிறகு குளிர்ச்சியைப் பிடித்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. மீனுக்குச் சமமாக ஐஸ் வேண்டும். கட்டியாகப் போடாமல் நொறுக்கி, அடியில் நான்கு விரல் தடிப்பு, மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பெட்டியின் அடியில் ஓட்டை அவசியம். இரத்தத் தண்ணீரில் மீன் ஊறக்கூடாது. சூரை, கும்பிளா வெயிலில் கிடந்தால் உண்பவருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும் நஞ்சு ஊறும். பிறகு ஐஸ் போட்டாலும் போகாது, சமைத்தாலும் போகாது.

எஞ்சினுக்கு மீன் வாங்கும் முதலாளியிடம் ஒன்றரை இலட்சம் கடன் வாங்கினேன். வட்டி கேட்கவில்லை. மீனை அவருக்கே போடவேண்டும், கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுக்கிறார். நல்லதா, கெட்டதா?
– வாசகர், இறக்கக்கண்டி

நாளுக்கு 25 கிலோ, மாதம் 20 நாள் என்று வையுங்கள். மாதம் 20,000 ரூபாய், ஆறு மாதப் பருவத்துக்கு 1,20,000. கடனின் முதல் அப்படியே நிற்கிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அதே தொகையை வாங்கியிருந்தால் ஆறு மாத வட்டி 18,000. வட்டியில்லாக் கடனின் வட்டி இவ்வளவு!

ஆனாலும் வாடைக் காலத்தில் தொழில் இல்லாதபோது அரிசிக்குப் பணம் தருபவரும் அவர்தான், எந்த வங்கியும் அதைச் செய்யாது. முகத்தை முறிக்காதீர்கள். பிடிக்கும் 40 ரூபாயில் 25 ரூபாயைக் கடன் தொகையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் எடை, அன்றைய ஏல விலை, பிடித்த தொகை மூன்றையும் கொப்பியில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். மேற்சொன்ன கணக்கில் ஒரு பருவத்தில் கடன் தொகையில் 75,000 ரூபாய் குறைந்துவிடும்.

மருமகன் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை வாங்கச் சொல்கிறார். மீன் கூடப் படுமாம்.
– வாசகர், குச்சவெளி

படும். ஆனால் இலங்கையில் 2006 முதல் அதற்குத் தடையும் இருக்கிறது. பிடிபட்டால் வலையும் போய் வழக்கும் வரும். அறுந்து கடலில் போனாலும் உக்காமல் கிடந்து மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், யாருக்கும் பயனில்லாமல். அந்தக் காசுக்குப் பல இழை முறுக்கிய நைலோன் வலை வாங்கச் சொல்லுங்கள், மிஞ்சினால் ஒரு நல்ல ஐஸ் பெட்டி.