மிளகாய்க்குக் காய்ச்சல் வேணும்: மில்லுக்கார அக்காவிடம் கேட்டவை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்க வீட்டுக்காரரும் நானும் மாவு மில் வச்சு 22 வருஷம் ஆச்சு. சமையல்ல நான் பெரிய கைக்காரி இல்லை. ஆனா யார் வீட்டுத் தூள் வருஷம் நிக்கும், யார் வீட்டுது மூணாம் மாசம் கட்டி தட்டும்னு தூக்குவாளியைத் திறந்ததுமே சொல்லிடுவேன். கேளுங்க.

அம்மாபேட்டையில இருந்து: அக்கா, குழம்புத்தூளுக்கு அளவு சொல்லுங்க. மாமியாரைக் கேட்டா "கண்ணளவுதான்"னு முடிச்சுடறாங்க.

மல்லி 1 கிலோ, மிளகாய் அரை கிலோ. மிளகாயில 300 கிராம் நீட்டு மிளகாய் காரத்துக்கு, 200 கிராம் பேடகி நிறத்துக்கு. விரலி மஞ்சள் 100, சீரகம் 100, மிளகு 50, வெந்தயம் 25 கிராம். கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி, நிழல்ல காஞ்சது. குழம்பு கெட்டியா வேணும்னா துவரம்பருப்பு 100 கிராம், புழுங்கலரிசி 50 கிராம் வறுத்துச் சேர்க்கலாம். வருஷத்துக்கு அரைக்கறவங்க இது ரெண்டையும் விட்டுடுங்க. பட்டை, சோம்பும் இதுல வேண்டாம். கறிக்குழம்பு அன்னைக்குத் தனியா வறுத்துப் போட்டுக்கலாம்.

அளவு அவ்வளவுதான். உங்க மாமியார் சொன்னதும் தப்பில்லை, 50 கிராம் முன்னப்பின்ன ஆனா எந்தக் குழம்பும் கெட்டுப் போகாது. கெடுக்கறது காய்ச்சல் பத்தாம போறதுதான். லீ பஜார்ல நல்ல மிளகாயாப் பார்த்து வாங்கிட்டு, ஒரே ஒரு வெயில் காட்டிட்டு நேரா மில்லுக்கு வந்துடறாங்க. மிளகாயை ஒடிச்சா "பட்"டுன்னு முறியணும், குலுக்கினா விதை சலசலக்கணும். வளைஞ்சு கொடுத்தா இன்னும் ரெண்டு வெயில் பாக்கி. மல்லியைப் பல்லுல வச்சா கடுக்குன்னு உடையணும். வெந்தயத்தை மட்டும் இளஞ்சிவப்புல இறக்கிடுங்க, கருகினா மொத்தத் தூளும் கசக்கும். விரலி மஞ்சளை உரல்ல தட்டி உடைச்சுக் கொண்டாங்க.

இன்னொன்னு. மில்லுல இருந்து வர்ற தூள் கை வைக்க முடியாத சூடா இருக்கும். அதை அப்படியே தூக்குல அமுக்கி மூடி போட்டு எடுத்துட்டுப் போறாங்க. உள்ளே வேர்த்து, மூடியில தண்ணி முத்து முத்தா நிக்கும். அந்தத் தண்ணி எங்கே விழும்? வீட்டுக்குப் போனதும் பேப்பர்ல பரப்பி, ஃபேன் போடாம ஆற விடுங்க. ஃபேன் போட்டா வீடே தும்மும்.

ஏற்காடு, நாகலூர்ல இருந்து: எங்க ஊர்ப் பனிமூட்டத்துல எந்தத் தூளும் நிக்க மாட்டேங்குது. போன தடவை மேலாக வெள்ளையா பூத்துடுச்சு. வெயில்ல போட்டு எடுத்துக்கலாமா?

வேண்டாங்க, கொட்டிடுங்க. அது பூஞ்சை. மிளகாய், வேர்க்கடலை இதிலெல்லாம் வர்ற ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சை விடும். அது ஈரலைக் கெடுக்கறது. வெயில் காட்டினாலும், வறுத்தாலும், கொதிக்க வச்சாலும் முழுசா போகாது. மேலாகச் சுரண்டி எடுத்துட்டு அடியில இருக்கறதைப் புழங்கறதும் அதே தப்புதான்.

நானே பட்டிருக்கேன். ஒரு ஐப்பசி மாசம், விடாத மழை. மிளகாய் வளையுதுன்னு தெரிஞ்சும், நம்ம மில்லுதானேன்னு 3 கிலோ அரைச்சு வச்சேன். கார்த்திகை தீபத்துக்குள்ள பூத்துடுச்சு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ வீட்டுத் தூள் குப்பைக்குப் போச்சு. எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நீங்க மலை மேல இருக்கீங்க, கீழே இருக்கற எங்க கணக்கு உங்களுக்குச் சரிப்படாது. வருஷத்துக்கு அரைக்காதீங்க. மாசி, பங்குனியில முழு மிளகாயையும் மல்லியையும் நல்லா காயவச்சு, ஆறினதும் காத்துப் போகாத டப்பாவுல மூடி வையுங்க. ரெண்டு மாசத்துக்கு ஆகறதை மட்டும் அப்பப்போ அரைச்சுக்கலாம். மழை நாள்ல வெறும் வாணலியைச் சுட வச்சு, அடுப்பை அணைச்சுட்டு அந்தச் சூட்டுல மிளகாயைப் புரட்டினா மொறுமொறுன்னு ஆகும். கொதிக்கற குழம்புக்கு மேல டப்பாவைச் சாய்ச்சுத் தூள் போடற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க. ஆவி பூரா டப்பாவுக்குள்ளதான் போகும்.

சேர்வராயன் மலையில இருந்து: காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி இருக்கு. வீட்டுக்குன்னு காயவச்சா சாம்பலும் பழுப்புமா திட்டுத் திட்டா வருது. கடை மிளகு மாதிரி கறுப்பா வர என்ன செய்யணும்?

கொத்துல ஒண்ணு ரெண்டு மணி சிவக்க ஆரம்பிச்சதும் பறிச்சுடுங்க. பிஞ்சா பறிச்சா காஞ்சதும் சக்கையா மிதக்கும். மணியை உதிர்த்து, மெல்லிய துணியில மூட்டையாக் கட்டி, தளதளன்னு கொதிக்கற தண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. ஒரு நிமிஷம்தான், வேகக் கூடாது. அந்தச் சூட்டுல தோல்ல இருக்கற நொதி வேலை செஞ்சு எல்லா மணியும் ஒரே சீரா கறுக்கும். தூசும் கிருமியும் போகும், சீக்கிரமும் காயும். சுத்தமான பாய்ல மெல்லிசா பரப்பி நாலஞ்சு வெயில். சாயங்காலம் பனி இறங்கறதுக்குள்ள எடுத்து உள்ளே வச்சுடுங்க. உங்க ஊர்ல அதுதான் பாதி வேலை. 3 கிலோ பச்சை மிளகுக்கு ஏறக்குறைய 1 கிலோ காஞ்ச மிளகு நிக்கும், குறைஞ்சு போச்சேன்னு பதறாதீங்க.

ஓமலூர்ல இருந்து: அரைச்சப்போ செக்கச்செவேல்னு இருந்த தூள் இப்போ வெளுத்துப் போச்சே?

கண்ணாடி பாட்டில்ல ஜன்னலோரம் வச்சிருப்பீங்க. வெளிச்சமும் சூடும் காத்தும் பட்டா மிளகாயோட சிவப்பு வெளுத்துப்போகும். எவர்சில்வர் டப்பா, இருட்டு அலமாரி.

ஆத்தூர்ல இருந்து: ஜவ்வரிசி வத்தல் காயும்போதே வெடிக்குது, பொரிச்சா நடுவுல கல்லு மாதிரி இருக்கு.

ஆத்தூர்ல இருந்துட்டு என்கிட்ட ஜவ்வரிசி கேட்கறீங்களா! உங்களைச் சுத்திதான் ஜவ்வரிசி எடுக்கற மரவள்ளிக் காடு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு.

நடுவுல கல்லுன்னா சரியா வேகலைன்னு அர்த்தம். ராத்திரியே ஊற வையுங்க. 1 டம்ளர் ஜவ்வரிசிக்கு 5 டம்ளர் தண்ணி. நடுவுல வெள்ளைப் புள்ளி ஒண்ணுகூட இல்லாம கண்ணாடியா ஆகணும். அடுப்பை விட்டு நகராதீங்க, அடி பிடிக்கும். பச்சை மிளகாய் விழுது, சீரகம் போடுங்க. உப்பு மட்டும் வாய்க்குக் குறைவா இருக்கட்டும், காஞ்சா கூடும். எலுமிச்சைச் சாறு இறக்கின பிறகு. பழைய வேட்டியில ஊத்தினா, காஞ்சதும் துணியோட பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சுக்கலாம். உரிச்சதைத் திருப்பிப் போட்டு இன்னும் ரெண்டு வெயில். ரொம்ப மெல்லிசா ஊத்தினாலும் விரிசல் விடும்.

சூரமங்கலத்துல இருந்து: வேலைக்குப் போற ஆளு நான். இஞ்சி பூண்டு விழுதை எண்ணெய் ஊத்தி வெளியிலேயே வச்சா ஒரு மாசம் வரும்னு சொல்றாங்களே?

யார் சொன்னாலும் கேட்காதீங்க. பூண்டு மண்ணுக்குள்ள விளையறது. எண்ணெய் மூடினா காத்து போகாது, மண்ணுல இருக்கற, காத்தில்லாத இடத்துல வளர்ற பாட்டுலினம்னு ஒரு கிருமி இருக்கு. வாடையும் நிறமும் மாறாமலே விஷமாகும். வேணும்னா ஐஸ் தட்டுல நிரப்பி உறைய வச்சு, தினம் ஒரு கட்டி எடுத்துக்கங்க. ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வச்சா நாலு நாள்ல தீர்த்துடணும்.

பெங்களூருல இருக்கற சேலத்துப் பொண்ணு: இங்க பக்கத்துல மில் இல்லைக்கா. மிக்ஸியில அரைச்சா ருசி வருமா? இட்லிப் பொடியும் சேர்த்துச் சொல்லுங்க.

வரும் கண்ணு. விட்டு விட்டு ஓட்டு, ஜார் சூடேறினா நிறுத்திடு, சல்லடையில சலிச்சுக் கப்பியைத் திரும்பப் போடு. பொடிக்கு உளுந்து ரெண்டு பங்கு, கடலைப்பருப்பு ஒரு பங்கு, மிளகாய் உன் காரத்துக்கு, கட்டிப் பெருங்காயம் எண்ணெயில பொரிச்சது. கல்லுப்பையும் வெறும் வாணலியில வறுத்துக்கோ, அதுல இருக்கற ஈரம்தான் பொடியைப் பிசுபிசுப்பாக்கும். எள்ளை மட்டும் கடைசியில போட்டு ஒரே சுத்து. முதல்லயே போட்டா எண்ணெய் விட்டு விழுதாயிடும்.

அஸ்தம்பட்டியில இருந்து: வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். கடைத்தூள் வாங்கறது அவ்வளவு பெரிய குத்தமா?

குத்தமே இல்லை. சின்ன பாக்கெட்டா, அரைச்ச தேதி பார்த்து வாங்குங்க. ரெண்டு பேருக்கு 5 கிலோ அரைச்சு வச்சு, அடுத்த வருஷம் வரைக்கும் வாசமில்லாத தூளைத் தீர்க்கறதைவிட அது மேல்.

திரும்பவும் நாகலூர்: அக்கா, நாளைக்குச் சேலம் வர்றேன். 2 கிலோ மிளகாய் எடுத்துட்டு வந்தா அரைச்சுத் தருவீங்களா?

மலையில இன்னைக்கும் மழைதானே? ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாருங்க. வளைஞ்சா மிளகாயை வீட்டுலயே வச்சுட்டு வாங்க.