செயற்கைக்கோள் வழியாகப் பேசக் கையடக்க ஆண்டெனா: ஆரோவா, எல்க்கா, நாமே செய்வதா?

கையில் இருப்பது 5 வாட் இருபட்டை ஹேண்டி (இரண்டு அலைவெண் பட்டைகளில் இயங்கும் கையடக்க ஹாம் வானொலிக் கருவி) ஒன்று. எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோள் வழியாகவும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (கேட்பதை மறுபடி அனுப்பும் கருவி) வழியாகவும் பேச, ஆரோ, எல்க் என்ற இரண்டு ஆண்டெனாக்களில் எதை வாங்கலாம், அல்லது நாமே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமமும் அழைப்புக்குறியும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 145 மெகாஹெர்ட்ஸில் (2 மீட்டர் பட்டை) 3 எலிமென்ட், 435 மெகாஹெர்ட்ஸில் (70 சென்டிமீட்டர் பட்டை) 5 முதல் 7 எலிமென்ட் உள்ள, ஒரே கையால் பிடித்து மணிக்கட்டால் திருப்பக்கூடிய யாகி (எலிமென்ட் எனப்படும் கம்பிகள் ஒரு தண்டில் வரிசையாக அமைந்த, ஒரே திசையை நோக்கும் ஆண்டெனா) உங்களுக்குப் போதும். அதைக் கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும், தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது நம் குரல் மேலே போய்ச் சேருமா என்பதை அல்ல. மேலிருந்து வருவது நமக்குத் தெளிவாகக் கேட்குமா என்பதைத்தான்.

இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எஸ்ஓ-50 கீழே அனுப்பும் ஆற்றல் ஏறத்தாழ கால் வாட். நீங்கள் மேலே அனுப்புவது 5 வாட், அதாவது இருபது மடங்கு, டெசிபலில் 13. அதோடு, நாம் அனுப்புவது 145.850 மெகாஹெர்ட்ஸில், கேட்பது 436.795 மெகாஹெர்ட்ஸில் என்பதால், அதே தொலைவுக்குக் கீழ்வரும் அலையின் பாதை இழப்பு மேலும் 9 டெசிபலுக்குச் சற்று அதிகம். செயற்கைக்கோள் அடிவானத்தருகே 2000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது 436 மெகாஹெர்ட்ஸில் அந்த இழப்பு ஏறக்குறைய 151 டெசிபல்; தலைக்கு மேல் 700 கிலோமீட்டரில் வரும்போது 142. புதிதாக வருபவர்கள் பலர் தங்கள் ஹேண்டியின் ஆற்றல் போதாதோ என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். உண்மையில் இடர்ப்பாடு எப்போதும் கேட்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே 70 சென்டிமீட்டர் பகுதி நன்றாக அமைந்த ஆண்டெனாவுக்கே முதலிடம் கொடுங்கள். 2 மீட்டர் பகுதியில் 3 எலிமென்டுக்கு மேல் தேவையே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் ஹாம்சாட், அதாவது விஓ-52, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் ஏவப்பட்டு 2014 வரை உழைத்தது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஆண்டெனாக் குறிப்புகள் இன்னும் நண்பர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஹாம்சாட்டுக்கு 435-இல் அனுப்பி 145-இல் கேட்டோம். எனவே 2 மீட்டரில் எளிமையான ஆண்டெனா வைத்திருந்தவர்களும் அதைக் கேட்க முடிந்தது. எஸ்ஓ-50-உம் விண்வெளி நிலைய ரிப்பீட்டரும் இதற்கு நேர்மாறானவை. அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் தவறான பட்டையில் பணத்தைச் செலவிட நேரும்.

எலிமென்ட் எண்ணிக்கையை விட நான் பெரிதாக மதிப்பது ஆண்டெனாவைக் கையில் சுழற்ற முடிகிறதா என்பதை. செயற்கைக்கோள் புரண்டுகொண்டே போகிறது. அதன் அலையின் முனைவாக்கம் (அலை அதிரும் தளம்) மாறிக்கொண்டே வருகிறது. உங்கள் எலிமென்ட்கள் அதற்குச் செங்குத்தாக அமைந்துவிட்டால் நடைமுறையில் 20 டெசிபல் வரை இழக்க நேரும். எந்தப் பெரிய ஆண்டெனாவும் அதை ஈடுகட்டாது. ஸ்க்வெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பை) முழுவதும் திறந்து, இரைச்சலுக்குள் மங்கலாக ஒரு குரல் கேட்கும் நேரத்தில் பூமை (எலிமென்ட்களைத் தாங்கும் தண்டை) அதன் அச்சிலேயே மெதுவாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கி அழைப்புக்குறி எழுத்தெழுத்தாகத் தெளியும். அரை நிமிடத்தில் அது மறுபடியும் மங்கும். மறுபடியும் திருப்ப வேண்டும். முக்காலியில் பொருத்திய நீண்ட ஆண்டெனாவால் இதைச் செய்ய முடியாது. வட்ட முனைவாக்க ஆண்டெனா இந்தச் சிக்கலை ஏறத்தாழ 3 டெசிபல் இழப்போடு முடித்துவிடும் என்பது சரிதான். ஆனால் அது இரட்டிப்பு எலிமென்ட், இரட்டிப்பு எடை. கையில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடையும் சிறிய விஷயமல்ல. ஒரு நல்ல பாஸ் (செயற்கைக்கோள் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பது) பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீடிக்கும். அத்தனை நேரமும் ஒரு கையில் ஆண்டெனா, மறு கையில் ஹேண்டி என்று வானத்தை நோக்கி நிற்க வேண்டும். 7 எலிமென்டுக்கு மேல் போனால் பூம் நீண்டு முன்பக்கம் கனக்கும், பீமும் (ஆண்டெனா அலையைப் பிடிக்கும் கோணமும்) குறுகிவிடும். உச்சியைக் கடக்கும்போது செயற்கைக்கோள் விரைவாக நகர்வதால் குறுகிய பீம் அதைத் தவறவிடும். 7 எலிமென்டின் பீம் ஏறத்தாழ 45 பாகை அகலம் இருக்கும்; கைக்கு அதுவே வசதியான எல்லை.

இனி நீங்கள் கேட்ட இரண்டு பெயர்கள். ஆரோவில் 2 மீட்டருக்கு 3 எலிமென்ட், 70 சென்டிமீட்டருக்கு 7 எலிமென்ட், இரண்டும் ஒரே பூமில் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். எலிமென்ட்களைக் கழற்றிப் பையில் வைக்கலாம். இரண்டு பட்டைக்கும் தனித்தனி இணைப்பு என்பதால், ஒற்றை ஹேண்டியோடு பயன்படுத்த ஒரு டூப்ளெக்சர் (இரண்டு பட்டைகளையும் பிரித்து ஒரே இணைப்பில் சேர்க்கும் கருவி) வேண்டும். கைப்பிடிக்குள்ளேயே அது அமைந்த வகையும் கிடைக்கிறது. எல்க் என்பது 5 எலிமென்ட் லாக் பீரியாடிக் (அகன்ற அலைவெண் பரப்பில் இயங்கும் ஆண்டெனா வகை); இரண்டு பட்டைக்கும் ஒரே கோஆக்ஸ் கேபிள், டூப்ளெக்சரே வேண்டாம், எல்லா எலிமென்டும் ஒரே தளத்தில். ஒற்றை ஹேண்டி, நிறையப் பயணம் என்றால் எல்க்கின் எளிமை எனக்குப் பிடிக்கும். வலுக்குறைந்த எஸ்ஓ-50-ஐ அடிவானத்திலிருந்தே பிடிக்க வேண்டும் என்றாலோ, பிற்பாடு இரண்டு ஹேண்டி வைத்து அனுப்பிக்கொண்டே கேட்க விரும்பினாலோ, ஆரோவே சரி. 145-இன் மூன்றாம் ஒத்திசை (மும்மடங்கு அலைவெண்) 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே போய் விழுவதால், அனுப்பும்போது கேட்கும் ஹேண்டி செவிடாகிவிடும். நல்ல டூப்ளெக்சரின் வடிகட்டல் இதைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை, சுங்கமும் அனுப்புச் செலவும் சேரும். அதனால், கைவேலையில் ஆர்வம் இருந்தால் நீங்களே செய்யுங்கள் என்று மனமார வற்புறுத்துவேன். பிவிசி குழாயோ மரச்சட்டமோ பூமாகும். எலிமென்டுக்கு அலுமினியக் கம்பியோ எஃகு அளவு நாடாவின் துண்டுகளோ போதும். 2 மீட்டர் எலிமென்ட் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதில் 5 மில்லிமீட்டர் பிசகினால் ஒன்றும் ஆகாது. 70 சென்டிமீட்டர் எலிமென்ட் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே அதே 5 மில்லிமீட்டர் ஆண்டெனாவைப் பட்டைக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் எஃகு அளவுகோலால் அளந்து வெட்டி, முடிந்தால் நண்பரிடம் நானோவிஎன்ஏ என்ற ஆண்டெனா அளவிடும் கருவியை இரவல் வாங்கிச் சரிபாருங்கள். கோஆக்ஸ் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம்; ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போனாலே 435-இல் வந்ததில் பாதி போய்விடும். எலிமென்ட் முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். நீங்கள் திரும்பும்போது அவை பக்கத்தில் நிற்பவரின் கண் உயரத்தில்தான் சுழல்கின்றன.

ஆண்டெனா கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஹேண்டியோடு வந்த ரப்பர் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, 48 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுக்கக்கூடிய விப் என்ற கம்பி ஆண்டெனாவைப் பொருத்துங்கள். அது 145-இல் கால் அலை, 435-இல் முக்கால் அலை. அதை வைத்து விண்வெளி நிலையத்தை 437.800-இல் கேட்டுப் பழகலாம்; 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருப்பதால் அதன் குரல் எஸ்ஓ-50-ஐ விட நன்றாகவே வரும். விண்நடை, விண்கல இணைப்பு நாட்களில் ரிப்பீட்டரை நிறுத்திவைப்பதுண்டு என்பதால், முதலில் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஓ-50-க்கு 436.805-இல் தொடங்கி 5 கிலோஹெர்ட்ஸ் படியாக 436.785 வரை ஐந்து நினைவுத் தடங்களைப் பதிந்துவையுங்கள். ஐந்திலும் அனுப்பும் அலைவெண் 145.850, டோன் (குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி) 67.0 ஹெர்ட்ஸ். ஆறாவதாக 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு ஒரு தடம் வேண்டும். செயற்கைக்கோளின் ரிப்பீட்டரைப் பத்து நிமிடம் இயங்கவைக்கும் கடிகாரத்தைத் தொடங்கிவைப்பது அதுதான். பாஸ் தொடங்கும்போது மேல் தடத்தில் கேட்க ஆரம்பித்து, டாப்ளர் விளைவால் (செயற்கைக்கோளின் நகர்வால்) கேட்கும் அலைவெண் இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கீழே வாருங்கள். அடுத்தவர் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்ட பிறகே பிடிடியை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்துங்கள். கேட்காமல் அனுப்புகிறவர், பேசிக்கொண்டிருக்கும் இருவரின் தொடர்பைக் கெடுத்துவிடுவார்.