திரை ஏன் சிமிட்டுகிறது? வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கணினிக் கடிதங்களில் நான்கு, லினக்ஸ் கணினியில் திரை சிமிட்டுவதைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றைச் சேர்த்தே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பதில்களில் வரும் ஆணைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்; 'சூடோ' என்ற சொல்லுக்குப் பின் மட்டும் ஓர் இடைவெளி விட வேண்டும், வேறெங்கும் இடையில் இடைவெளி கூடாது.

கேள்வி: தக்கலை அருகே தட்டச்சு, ஜெராக்ஸ், திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு ஆகியவற்றைச் செய்துகொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ3 செயலி, ஒரே 8 ஜி.பி. ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 1920×1080 மானிட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைந்துள்ளது. லினக்ஸ் மின்ட் 21-இல் எந்தத் தொல்லையும் இல்லை. 22-க்கு மாறிய பிறகு திரை அடிக்கடி ஒரு கணம் கறுத்து மீள்கிறது. சில வேளைகளில் குறுக்குக் கோடுகள் மின்னி மறைகின்றன. இணையத்தில் கண்டபடி 'பி.எஸ்.ஆர்.' என்பதை அணைத்துப் பார்த்தும் பயனில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுங்கள் என்று கணினிக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பி.எஸ்.ஆர். எனப்படும் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்', திரையில் படம் மாறாதபோது செயலி ஓய்வெடுக்கும்படி, கடைசிப் படத்தைத் திரைப் பலகையே தன் நினைவகத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும் மின்சேமிப்பு ஏற்பாடு. லினக்ஸின் இன்டெல் டிரைவர் இதை மடிக்கணினித் திரையை உள்ளே இணைக்கும் இ.டி.பி. இணைப்பில் மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் மானிட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிளில் வெளியே இணைந்திருப்பது; அந்த ஏற்பாடு அங்கே இயங்கவே இல்லை என்பதால், அதை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் ஒன்றுதான். மடிக்கணினிக்காரர்களுக்குச் சொன்ன மருந்து டெஸ்க்டாப்காரர்கள் கைக்கும் வந்துவிடுகிறது. அந்த வரியை நீக்கிவிடுங்கள். பலனில்லாத வரிகள் சேரச் சேர, பின்னால் எது எதைச் செய்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

முதலில் சிமிட்டல் எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சிமிட்டும் நேரத்தில் மானிட்டரின் பொத்தானை அழுத்தி, அதன் சொந்த மெனுவைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். மெனுவும் சேர்ந்து மங்கி மினுக்கினால் மானிட்டரின் பின்னொளியோ மின்வழங்கியோ பழுது. கணினிக்கும் லினக்ஸுக்கும் அதில் பங்கில்லை. மெனு அசையாமல் நிற்க, பின்னாலுள்ள படம் மட்டும் துடித்தால், வந்து சேரும் சிக்னலில்தான் கோளாறு. அடுத்து, கணினியை மீளத் தொடங்கி பயாஸ் திரையில் சற்று நேரம் விட்டுவையுங்கள். அங்கும் சிமிட்டினால் கேபிளையும் மதர்போர்டின் துளையையும் சந்தேகியுங்கள். ஏனெனில் அந்த நேரத்தில் லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

பயாஸில் அமைதியாக இருந்து, மின்ட் வந்த பிறகே சிமிட்டினால், திரைப்பதிவு மென்பொருள் ஒன்றைக் கொண்டு திரையைச் சில நிமிடங்கள் பதிவுசெய்து, சிமிட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே பதிவை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ஓட்டிப் பாருங்கள். பதிவிலும் சிமிட்டல் தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே, அதாவது மின்ட்டின் மேசைத்தளமான சின்னமனில் சாளரங்களை ஒன்றுசேர்த்துப் படமாக்கும் கம்போசிட்டரிலோ உலாவியிலோ பிழை இருக்கிறது. பதிவு சுத்தமாக இருந்தால், சரியாக உருவான படம் நினைவகத்திலிருந்து மானிட்டருக்குப் போகும் வழியில் கெடுகிறது என்று கொள்ளலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை.

உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டாவதாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. செயலி பயன்படுத்தும் அதே ரேமிலிருந்துதான் அது படத்தை எடுத்தாக வேண்டும். 1920×1080 திரையை நொடிக்கு 60 முறை நிரப்ப, நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட்டுகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். மாடித் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் தேக்கிவைத்துக் குழாயைத் திறந்துவிடுவதைப்போல, கிராபிக்ஸ் பகுதியும் ஒரு சிறிய இடைத்தேக்கத்தை வைத்துக்கொண்டு மானிட்டருக்கு அனுப்புகிறது. உங்கள் ரேமின் மொத்த வேகத்தோடு ஒப்பிட்டால் 50 கோடி பைட்டு பெரிய சுமையன்று. ஆனால் மின்சேமிப்புக்காக உறங்கிய நினைவகம் விழித்துத் தருவதற்குள் அந்தத் தேக்கம் வற்றிவிட்டால், அந்தக் கணம் திரை கறுக்கும் அல்லது கோடு விழும். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் இதை 'ஃபைஃபோ அண்டர்ரன்' என்ற பெயரில் பதிவேட்டில் எழுதுகிறது. முனையத்தில் 'சூடோ டிமெசேஜ்' (டி, எம், இ, எஸ், ஜி ஆகிய ஐந்தெழுத்து ஆணை) கொடுத்து, 'சி.பி.யு. பைப் ஏ ஃபைஃபோ அண்டர்ரன்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கணினி தொடங்கும்போது ஒருமுறை மட்டும் அது வந்திருந்தால் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே வேளையில், ஒருமுறை எழுதிய பிறகு திரை அமைப்பு மாறும்வரை கெர்னல் அந்த வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதில்லை. ஆகவே எத்தனை முறை வந்தது என்பதைவிட, அதன் நேரம் நீங்கள் கண்ட சிமிட்டலின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

ஒத்துப்போனால், கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால், எதில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவை வரவழைத்து, மின்ட் வரியின் மேல் நின்று 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஐ915.எனேபிள்_எஃப்பிசி=0 என்று சேர்த்து, எஃப்10 விசையால் தொடங்குங்கள். படத்தைச் சுருக்கிப் படிக்கும் வசதியை இது அணைக்கிறது. இப்படிச் சேர்த்தது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் அச்சப்பட வேண்டியதில்லை. அதிலும் நிற்காவிட்டால், அதை விட்டுவிட்டு, ஐ915.எனேபிள்_டிசி=0 என்பதை மட்டும் சேர்த்துப் பாருங்கள்; கிராபிக்ஸின் திரைப்பகுதி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதை அது தடுக்கிறது, மின்செலவு சற்றுக் கூடும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு 'சரியாகிவிட்டது' என்று நிம்மதியடைவதில் எனக்கு உடன்பாடில்லை; எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

நீங்கள் 21-இலிருந்து 22-க்கு மாறியவர் என்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. மின்ட் 21 முதலில் 5.15 கெர்னலோடும், 22 முதலில் 6.8 கெர்னலோடும் வந்தன. அதே கிரப் மெனுவின் மேம்பட்ட தேர்வுகளில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால் அதில் தொடங்கி ஒரு நாள் வேலை பாருங்கள். பழையதில் சிமிட்டல் இல்லையென்றால் கெர்னலில் நேர்ந்த மாற்றமே காரணம். அப்டேட் மேனேஜரில் கெர்னல் பட்டியலைத் திறந்து புதியது ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வழிகாட்டி எதையாவது பின்பற்றி, திரையில் படம் காட்டும் 'எக்ஸ்' மென்பொருளின் எக்ஸ்ஓஆர்ஜி அமைப்புக் கோப்புறையில் '20-இன்டெல்' என்ற கோப்பை உருவாக்கியிருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். அந்தப் பழைய இன்டெல் டிரைவர் இன்று தேவையில்லை. கோப்பு இல்லையென்றால் எக்ஸ் தானாகவே 'மோட்செட்டிங்' டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால், கிராபிக்ஸ் கார்டுக்கு முன் நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றையும், காலியாக இருக்கும் ரேம் துளைக்கு இப்போதுள்ளதைப் போன்ற இன்னொரு 8 ஜி.பி. ரேமையும் வாங்குங்கள். இரட்டைப் பாதையில் நினைவகம் இயங்கினால் ஆன்போர்டு கிராபிக்ஸ் எல்லா வகையிலும் தேறும், பெரிய அழைப்பிதழ்க் கோப்புகளைத் திறக்கும்போது உங்களுக்கே அது தெரியும்.

கேள்வி: குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீடு. உபுண்டு கணினியை, எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சிறிய கன்வர்ட்டர் வழியாகப் பழைய மானிட்டரில் இணைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சிமிட்டல் மிகுதி. கன்வர்ட்டரைக் கழற்றி மாட்டினால் சில நாள் சரியாக இருக்கிறது. லினக்ஸில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: லினக்ஸில் எதையும் மாற்ற வேண்டாம். கழற்றி மாட்டினால் சரியாகிறது என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். தொடுமுனைகளில் உப்புக்காற்றின் படிவு ஏறியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டத்தில், கடலோர வீட்டில் ஈரம் காய்வதற்கு நீண்ட இடைவெளியே கிடைப்பதில்லை. மின்னிணைப்பை முற்றிலும் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான துணியால் வி.ஜி.ஏ. முனையின் ஊசிகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டி, இருபக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். திருகு துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால் கேபிளையே மாற்றிவிடுவது நல்லது. ரேமின் பொன்முலாம் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு; முலாம் மிக மெல்லியது, தேயத்தான் செய்யும். அதற்கும் அதே ஆல்கஹால் போதும்.

கன்வர்ட்டரைப் பற்றியும் ஒரு சொல். எச்.டி.எம்.ஐ. துளையின் 18-ஆம் ஊசியில் வரும் 5 வோல்ட்டிலிருந்துதான் அது உயிர்வாழ்கிறது. அந்த ஊசியில் குறைந்தது 55 மில்லி ஆம்பியர் கிடைத்தால் போதும் என்பதே விதி. அதற்கு மேல் தின்னும் கன்வர்ட்டர், மதர்போர்டு தாராளமாகக் கொடுக்கும்வரை ஓடும், கொடுக்காதபோது தள்ளாடும். பக்கவாட்டில் யு.எஸ்.பி. துளை வழியாகத் தனியே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். உங்கள் மதர்போர்டிலேயே வி.ஜி.ஏ. துளை இருந்தால் இந்தக் கன்வர்ட்டரே வேண்டாம். இன்டெல் 2015-இல் 6-ஆம் தலைமுறையிலிருந்து நேரடி வி.ஜி.ஏ. வெளியீட்டை விட்டுவிட்டாலும், அதன் பிறகும் பல மதர்போர்டுகள் பலகையிலேயே ஒரு மாற்றுச் சிப்பை வைத்து வி.ஜி.ஏ. துளையைத் தந்துவருகின்றன.

கேள்வி: நாகர்கோவிலில் படிக்கும் கல்லூரி மாணவன் நான். ரைசன் செயலியின் உள் கிராபிக்ஸ், ஃபெடோரா. உலாவியில் பல தாவல்களையும் ஒரு மெய்நிகர் கணினியையும் ஒருசேரத் திறந்தால் திரை முழுவதும் வெண்மையாக மின்னுகிறது. மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை.

பதில்: தம்பி, நினைவகம் நெருக்கப்படும்போது மட்டும் மின்னுகிறது என்பது நல்ல துப்பு. ஏ.எம்.டி. உள் கிராபிக்ஸ், தனக்கென ஒதுக்கப்பட்ட சிறிய பகுதி போதாதபோது, பொது ரேமில் சிதறிக் கிடக்கும் பக்கங்களிலிருந்தே நேரடியாகத் திரைக்குப் படத்தை அனுப்பும் வசதி கொண்டது. இதனால் நினைவக நெருக்கடியில் சிமிட்டல் வரக்கூடும் என்று கெர்னல் ஆவணமே ஒப்புக்கொண்டு, ஏஎம்டிஜிபியு.எஸ்ஜி_டிஸ்பிளே=0 என்ற தேர்வைத் தந்திருக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி கிரப்பில் தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். இதைச் சேர்த்தால் படம் முழுவதும் ஒதுக்கிய பகுதிக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆதலால் பயாஸில் அந்த ஒதுக்கீட்டைக் குறிக்கும் யு.எம்.ஏ. ஃபிரேம் பஃபர் அளவை 1 அல்லது 2 ஜி.பி. ஆக்கிவிடுங்கள். அந்த அளவு ரேம் மற்ற வேலைகளுக்குக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள், 8 ஜி.பி. ரேமில் மெய்நிகர் கணினி ஓட்டுவதானால் அது சிறிய விஷயமன்று.

கேள்வி: களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். 'நோமோட்செட்' என்று சேர்த்ததும் சிமிட்டல் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் எழுத்துகள் பெரிதாகவும் வீடியோ விட்டுவிட்டும் வருகின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. அந்தச் சொல், கிராபிக்ஸ் டிரைவர் திரையை ஏற்றுக்கொள்வதையே தடுத்துவிடுகிறது. பயாஸ் அமைத்துவைத்த திரையிலேயே, முடுக்கம் எதுவுமின்றி, எல்லா வரைகலை வேலையையும் செயலியே செய்துகொண்டிருக்கிறது. கேபிளும் மானிட்டரும் பெரும்பாலும் நலம், டிரைவரின் பக்கமே கோளாறு என்று அது உங்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதன் வேலை அவ்வளவே. இடிசி கோப்புறையின் டிஃபால்ட் உட்கோப்புறையில் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, 'லினக்ஸ்_டிஃபால்ட்' என்ற பெயருள்ள வரியின் மேற்கோள் குறிகளுக்குள்ளிருந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்குங்கள். அதே வரியிலுள்ள மற்றவற்றைத் தொட வேண்டாம். பிறகு உங்கள் செயலி இன்டெலா ஏ.எம்.டி.யா என்பதைப் பொறுத்து, மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் தற்காலிகமாகச் சோதித்து, பலன் உறுதியான பின் அங்கே எழுதுங்கள். உபுண்டு, மின்ட் வகையாக இருந்தால் கோப்பைச் சேமித்ததும் 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மீளத் தொடங்கினால் பழைய வரியோடுதான் கணினி எழும்.