மெயில் முகவரிகளை மாற்றித்தரும் மென்பொருளை வாங்கலாமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாக ஒரே கணினி, ஒரே மெயில் மென்பொருள். ஏறக்குறைய 1,400 முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. இப்போது புதுக் கணினியில் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு மாற நினைக்கிறேன். நானே மாற்றிப் பார்த்தேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் என்னென்னவோ குறிகளாக வந்தன. அடிக்கடி மெயில் அனுப்பும் பலரைக் காணவே இல்லை. முகவரிகளை முழுதாக மாற்றித்தருவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டையும் பணம் செலவழிக்காமல் நீங்களே சரிசெய்து பார்க்கலாம்.

முதலில், காணாமல் போனவர்கள். அவர்கள் உங்கள் முகவரிப் புத்தகத்தில் எப்போதுமே இல்லாமல் இருந்திருக்கலாம். பெறுநர் இடத்தில் இரண்டு எழுத்து தட்டியதும் பெயர் எட்டிப்பார்க்கிறதே, அது முகவரிப் புத்தகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் அனுப்பிய மெயில்களைப் பார்த்து மென்பொருள் தானாகச் சேர்த்துவைக்கும் வேறொரு பட்டியலும் உண்டு. அவுட்லுக்கில் அது ஆட்டோ கம்ப்ளீட் பட்டியல், அதிகபட்சம் 1,000 பேர்தான். தண்டர்பேர்டில் ‘கலெக்டட் அட்ரசஸ்’, ஜிமெயிலில் ‘அதர் காண்டாக்ட்ஸ்’. முகவரிப் புத்தகத்தை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும்போது, அதாவது எக்ஸ்போர்ட் செய்யும்போது, பெரும்பாலும் இந்தப் பட்டியல் கூடவே வராது. அதனால் பழைய கணினியிலேயே உட்கார்ந்து, வேண்டியவர்களை முறையாகத் தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். ‘அனுப்பியவை’ பெட்டியைக் கடைசி இரண்டு வருடத்துக்கு ஓட்டிப்பார்த்தால் போதும், முக்கியமானவர்கள் அகப்பட்டுவிடுவார்கள். ஒரு மாலை நேரம் பிடிக்கும், ஆனால் இந்த வேலையை எந்த விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று உங்களுக்குத்தானே தெரியும்?

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். என்ன குறியாக மாறியிருக்கிறது என்பதை உற்றுப் பாருங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ இருக்கும் வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியென்றால் கவலை வேண்டாம். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் எழுதிய தமிழை வேறு முறையில் படித்ததால் வந்த கோளாறு அது, எழுத்துகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கோப்பைப் புதுக் கணினியில் உள்ளே சேர்க்கும்போது, அதாவது இம்போர்ட் செய்யும்போது, குறியாக்கம் கேட்டால் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் திரும்பிவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லாத குறைதான். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், எக்ஸ்போர்ட் ஆகும்போதே பெயர்கள் அழிந்துவிட்டன என்று பொருள். அந்தக் கோப்பை எதுவும் மீட்காது. பழைய கணினிக்குப் போய்த் திரும்ப எடுக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், புதுக் கணினியில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்க்கும்வரை பழையதை விற்கவோ அழிக்கவோ செய்யாதீர்கள்.

திரும்ப எடுக்கும்போது, வழி இருந்தால் விகார்ட் என்ற, தொடர்பு விவரங்களுக்கான பொதுக் கோப்பு வடிவத்தில் எடுங்கள். கோப்பின் பெயர் விசிஎஃப் என்று முடியும். ஒருவரின் பெயர், எண்கள், முகவரி, படம் வரை எது எது என்று குறித்தே அதில் இருக்கும். 2011-இல் வந்த அதன் 4.0 பதிப்பு யூடிஎஃப்-8-இல்தான் எழுதப்பட வேண்டும் என்பது விதி, அதனால் தமிழுக்குப் பாதுகாப்பு. 3.0 பதிப்புதான் பரவலாக எல்லா மென்பொருளும் ஏற்பது, அதிலும் தமிழ் பொதுவாக ஒழுங்காகவே வரும். மிகப் பழைய 2.1-இல் தமிழ் எழுத்துகள் சமன்குறியும் எண்ணும் எழுத்துமாகத் தெரியும். பார்த்துப் பயந்து அழித்துவிடாதீர்கள், இம்போர்ட் செய்தால் பெரும்பாலும் தமிழாகிவிடும்.

சிஎஸ்வி, அதாவது விவரங்களைக் காற்புள்ளியிட்டுப் பிரித்த எளிய கோப்பு, மட்டும்தான் வருகிறது என்றால் அதையே எடுங்கள். ஆனால் ஒன்று, அதை எக்செல் மாதிரி விரிதாளில் திறந்து சேமிக்காதீர்கள். நான் ஒரு முறை பெயர்களைச் சரிபார்க்கலாம் என்று திறந்து சேமித்துவிட்டேன். தொலைபேசி எண்களின் முன்னால் இருந்த பூஜ்யம் எல்லாம் போய்விட்டது. நீளமான எண்கள் 9.19E+11 என்பதுபோல் சுருங்கிவிட்டன, அவற்றின் கடைசி இலக்கங்களையும் இழந்துவிட்டேன். இரண்டு நாள் மெனக்கெட்டு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். பார்க்க வேண்டும் என்றால் ஒரு நகல் எடுத்து, நோட்பேட் மாதிரி எளிய எழுத்துச் செயலியில் பாருங்கள்.

1,400 பேரையும் ஒரேயடியாகக் கொட்டவும் வேண்டாம். தமிழ்ப் பெயர், இரண்டு எண், வீட்டு முகவரி என்று பலவகையில் ஒரு பத்துப் பேரை முதலில் அனுப்பிப் பாருங்கள். சரியாக வந்த பிறகு மீதி. குழுக்கள் பல நேரம் கூடவே வருவதில்லை, அவற்றைப் புதிதாக அமைக்கத் தயாராக இருங்கள்.

கேள்வி: முகவரிகளை நிர்வகிக்கும் ஒரு செயலிக்கு வருடச் சந்தா கட்டலாம் என்று பார்க்கிறேன். ஒரே ஆள் நான்கு முறை இருப்பதை ஒன்றாக்கும், எல்லாக் கருவியிலும் ஒத்திசைக்கும் என்கிறார்கள். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதைத்தான். இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும் காலத்திலேயே ஐம்பது பேரை உள்ளே போட்டு, முழுவதையும் விகார்டாக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எக்ஸ்போர்ட் பொத்தானே இல்லை, அல்லது அதற்குத் தனிக் கட்டணம் என்றால், அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சந்தா முடிந்த பிறகும் உங்கள் பட்டியலைப் பார்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஆளை ஒன்றாக்கும் வசதி கூகுள் காண்டாக்ட்ஸில் இலவசமாகவே இருக்கிறது. ஒத்திசைவுக்குக் கார்ட்டேவ் என்ற பொதுத் தரம் 2011-லிருந்தே உண்டு. அதை ஏற்கும் சேவையாக இருந்தால் நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறுவது சுலபம். தண்டர்பேர்டில் அது உள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட செயலிகள் முழுத் தொடர்புப் பட்டியலையும் கேட்கும். அதில் இருப்பது உங்கள் விவரம் மட்டுமல்ல, உங்களை நம்பி எண்ணும் முகவரியும் கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களின் விவரம். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை, நாம்தான் யோசிக்க வேண்டும். ஐஓஎஸ் 18-லிருந்து ஐபோனில் குறிப்பிட்ட சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி வந்திருக்கிறது. உங்கள் கருவியில் இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள்.

கேள்வி: போனில் இடம் குறைகிறதே என்று நாற்பது பேரை அழித்தேன். கணினியில் மெயிலிலும் அவர்களைக் காணோம். போனில் அழித்தால் அங்கேயும் போகுமா?

பதில்: போகும். இரண்டும் ஒரே கணக்கில் இணைந்திருந்தால், இருப்பது ஒரே பட்டியல்தான். ஒத்திசைவு என்பது வேறு, பேக்கப் என்பது வேறு. சேர்ப்பதைப் போலவே அழிப்பதையும் ஒத்திசைவு எல்லா இடத்துக்கும் உடனே கொண்டுபோய்விடும். ஜிமெயில் கணக்கு என்றால் கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸின் குப்பைத்தொட்டியைத் திறங்கள், அழித்தவை 30 நாள் வரை அங்கே இருக்கும். பட்டியலையே முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது, அதற்கும் 30 நாள்தான் எல்லை. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

சொல்லப்போனால், தொடர்புகளை அழித்து போனில் இடம் சேமிக்க முடியாது. ஆயிரம் பேர் விவரமும் சேர்ந்து ஒரு சின்னக் காணொளி அளவுக்கு வராது. மீட்ட பிறகு மொத்தப் பட்டியலையும் ஒரு விசிஎஃப் கோப்பாக எடுத்து, தேதியைப் பெயராக வைத்து, பென்டிரைவ் ஒன்றில் போட்டு வையுங்கள்.